கருவி எழுதும் நிரலில் மனிதர் கைவைக்க இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரு வரி நிரல்கூட எழுதத் தெரியாமலே செயலி உருவாக்கலாம் என்று மாணவர்களுக்கு ஊக்கம் கொடுக்கும் கட்டுரைகள் உங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அவ்வப்போது வருகின்றன. பட்டனை இழுத்துப் போட்டால் பட்டன் வரும், லேபிளை இழுத்துப் போட்டால் லேபிள் வரும், பின்னால் இருக்கும் நிரலைக் கருவியே எழுதிக்கொள்ளும் என்கிறார்கள். உண்மைதான், நானும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டுரைகள் எல்லாம் செயலி பிறக்கிற நாளோடு நின்றுவிடுகின்றன. அதற்கு அப்புறம் வருடக்கணக்கில் அதை வைத்து மாரடிப்பவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. என் பிழைப்பே அந்த மாரடிப்புதான் என்பதால் இந்தக் கடிதம்.

நான் இருப்பது ராஜபாளையத்தில். பக்கத்தில் சத்திரப்பட்டி வட்டாரம் முழுக்க பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடங்கள். அவர்களுக்குக் கூலிக் கணக்கு, சரக்குக் கணக்கு, பில் போடும் மென்பொருள்கள் பார்த்துக் கொடுக்கிறேன். புதிதாக எழுதிக் கொடுப்பது குறைவு. யாரோ எழுதிவிட்டுப் போனதைப் பழுது பார்ப்பதுதான் அதிகம். எழுதியவர் பெரும்பாலும் கல்லூரி முடித்த கையோடு இரண்டு மூன்று இடங்களுக்குச் செய்து கொடுத்துவிட்டு, பெங்களூரில் வேலை கிடைத்துப் போயிருப்பார். போனில் பிடித்தாலும் ‘அண்ணே, அது எப்பவோ எழுதினது’ என்பார். அவர் மேலும் தப்பில்லை.

ஒரு தறிக்கூடக்காரர் என்னிடம் கேட்டது சின்ன விஷயம். அவருடைய வாரக் கூலித் திரையில் தறி எண், பாவு (தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல்) எண், நெய்த மீட்டர், கூலி, மொத்தம் என்று கட்டங்கள் இருந்தன. கூலிக்கும் மொத்தத்துக்கும் நடுவில் ‘முன்பணப் பிடித்தம்’ என்று ஒரு கட்டம் வேண்டும். சனிக்கிழமை பட்டுவாடாவுக்குள் முடித்துக் கொடுங்கள் என்றார். கேட்டால் அரை மணி நேர வேலை போலத்தான் இருக்கும்.

அந்த மென்பொருள் ஜாவாவில், நெட்பீன்ஸ் என்ற கருவியை வைத்து எழுதப்பட்டது. நம் பக்கத்துக் கல்லூரி லேப்களில் இதைப் பார்க்காதவர் குறைவு. அதில் ஒரு திரையை வடிவமைத்தால் இரண்டு கோப்புகள் உண்டாகும். ஒன்று ஜாவா நிரல். இன்னொன்று, திரையில் எது எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் ‘ஃபார்ம்’ கோப்பு. நாம் பட்டனை நகர்த்தும்போது முதலில் மாறுவது ஃபார்ம் கோப்பு. அதைப் பார்த்து ஜாவா கோப்புக்குள் ‘இனிட் கம்போனென்ட்ஸ்’ என்ற ஒரு பகுதியைக் கருவி திரும்பத் திரும்ப எழுதும். அந்தப் பகுதி எடிட்டரில் சாம்பல் பூத்த மாதிரி வேறு நிறத்தில் தெரியும். அதற்குள் கர்சரை வைத்து எத்தனை தட்டினாலும் ஓர் எழுத்து விழாது. தலையில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கையும் இருக்கும்: இந்த நிரலைத் திருத்தாதே, இதை வடிவ எடிட்டர் எப்போதும் புதிதாக எழுதிக்கொண்டே இருக்கும் என்று.

தறிக்கூடக்காரருக்குக் கொடுக்கப்பட்டிருந்த ஃபோல்டரில் ஜாவா கோப்புகள் மட்டுமே இருந்தன. ஃபார்ம் கோப்பு ஒன்றுகூட இல்லை. ‘சோர்ஸ் கோடு’ என்றால் ஜாவா கோப்புதானே என்று நினைத்து அதை மட்டும் காப்பி செய்து கொடுத்திருக்கிறார்கள். ஃபார்ம் கோப்பு இல்லையென்றால், இழுத்துப் போட்டுத் திரையை அமைக்கும் ‘வடிவமைப்புப் பார்வை’ திறக்காது. மென்பொருள் ஓடும், பில் போடும், எல்லாம் சரி. ஆனால் திரையைக் கண்ணால் பார்த்து மாற்றும் வழி போய்விட்டது. மிச்சம் இருப்பது, மனிதர் தொடவே கூடாது என்று கருவி தனக்காக எழுதிக்கொண்ட நிரல் மட்டும்.

அதைத் திறந்து பார்த்தால் என்ன இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். 2006இல் வந்த நெட்பீன்ஸ் 5.0 பதிப்பில்தான் ‘மட்டீஸ்’ என்ற புது வடிவமைப்பு முறை வந்தது. பட்டனை மற்ற கட்டங்களின் ஓரத்துக்கு ஒட்டினாற்போல் தானே நேராக்கிக் கொடுக்கும். அந்தக் காலத்துக்குப் பெரிய வசதி. அதற்காகச் செய்த ‘குரூப் லேஅவுட்’ என்ற ஏற்பாடு அதே வருடம் ஜாவா 6 பதிப்பிலும் சேர்ந்தது. இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு முறை சொல்ல வேண்டும்: கிடைமட்டத்தில் அது யாருக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று ஒரு முறை, மேலிருந்து கீழாக எங்கே நிற்கிறது என்று இன்னொரு முறை. இரண்டும் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக, ஏழெட்டு அடுக்கு உள்ளே போகும். முன்பணக் கட்டத்தைக் கிடைமட்ட வரிசையில் சேர்த்துவிட்டுச் செங்குத்து வரிசையில் விட்டுவிட்டால், கம்பைல் ஆகும்போது, அதாவது நிரல் ஓடக்கூடிய மென்பொருளாக மாறும்போது, ஒரு புகாரும் வராது. கடையில் போய்த் திரையைத் திறக்கும்போது, இந்தக் கட்டம் செங்குத்துக் குழுவில் இல்லை என்று பிழை காட்டிவிட்டு நின்றுவிடும்.

சரி, எந்த அடைப்புக்குறிக்குள் சேர்ப்பது என்று தேடலாம் என்றால், பெயர்கள் எல்லாம் ‘ஜே லேபிள் 17’, ‘ஜே டெக்ஸ்ட் ஃபீல்டு 9’ என்றிருக்கும். இழுத்துப் போட்டவர் பெயர் மாற்றவில்லை, கருவியும் கேட்கவில்லை. 17 என்பது பாவு எண்ணா, கூலியா? லேபிளில் இருக்கும் தமிழ் எழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். ‘கூலி’ என்று தேடினால் கோப்பில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. நெட்பீன்ஸின் வடிவ எடிட்டர், ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைச் சாய்கோடு, ஒரு ‘யு’, நான்கு இலக்கக் குறியீடு என்று ஒவ்வோர் எழுத்தாக உடைத்துத்தான் நிரலில் எழுதிவைக்கும். ககரம் தனி, அதன் ஊகாரக் குறி தனி. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் தமிழைத் தமிழாகவே எழுத வைக்கலாம். ஆனால் அது எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்? திரையில் அழகாகத் தமிழ் தெரிகிறது, அவர்களுக்கு அது போதும்.

இந்தத் தமிழ் எழுத்துச் சிக்கல் நெட்பீன்ஸோடு நிற்பதும் இல்லை. டெல்ஃபி என்ற இன்னொரு கருவியில் செய்த ஒரு பழைய மென்பொருளைத் திறந்தால், வடிவக் கோப்பில் ‘தறி’ என்ற லேபிள் #2980#2993#3007 என்று இருக்கும். கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். இரவு எட்டு மணிக்குத் தறிக்கூடத்து ஆபீஸ் அறையில், தறிச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து தேடுகிறவனுக்கு ஒன்றல்ல.

இது ஏதோ ஒரு கூடத்துத் தலைவலி என்று நினைக்க வேண்டாம். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபோது நாடு முழுக்க ஒவ்வொரு கடையின் பில் திரையும் மாற வேண்டியிருந்தது. வாட் கட்டத்தை எடுத்துவிட்டு மத்திய வரி, மாநில வரி என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். வெளிமாநிலத்துக்குப் போகும் சரக்குக்கு வேறு கட்டம். சரக்கு எந்த வகை என்று காட்டும் எச்எஸ்என் எண்ணுக்கு ஓர் இடம். வரி விகிதம் மட்டும் மாறினால் ஓர் எண்ணை மாற்றிவிட்டுப் போய்விடலாம். திரையின் அமைப்பே மாறும்போதுதான் கருவி எழுதிய நிரலின் லட்சணம் தெரியும். திருத்த முடியாமல் பணம் கொடுத்துப் புது மென்பொருள் வாங்கிய கடைக்காரர்களை எங்கள் ஊரிலேயே பார்த்தேன். பழைய மென்பொருளின் கணக்குப் போடும் பகுதியில் ஒரு குறையும் இல்லை. முகப்பைத்தான் தொட முடியவில்லை.

மைக்ரோசாஃப்ட் பக்கம் வருவோம். 2002இல் டாட்நெட் என்ற அவர்களுடைய நிரலாக்கத் தளம் வந்தபோது, வடிவமைப்பான் (திரை வரையும் கருவி) எழுதும் நிரலை நம் நிரல் இருக்கும் அதே கோப்பில் ஒரு மடிப்புக்குள் சுருட்டி வைத்தார்கள், தொடாதே என்ற எச்சரிக்கையோடு. 2005இல் ஒரே வகுப்பை (ஒரு திரைக்கான நிரல் தொகுப்பை) இரண்டு கோப்புகளாகப் பிரித்து எழுதலாம் என்றார்கள். கருவியின் நிரல் ‘டிசைனர்’ என்ற தனிக் கோப்புக்குப் போனது. நல்ல முன்னேற்றம், ஒத்துக்கொள்கிறேன். நம் கோப்பு சுத்தமானது. ஆனால் அந்தத் தனிக் கோப்பைத் திருத்துவது எளிதாகவில்லை, கண்ணில் படாமல் போனது, அவ்வளவுதான். அங்கே நாம் ஒரு கருத்துரை, அதாவது படிப்பவருக்கான குறிப்பு, எழுதி வைத்தால், அடுத்த முறை வடிவமைப்பான் சேமிக்கும்போது அழித்துவிடும். ஒவ்வொரு பட்டனுக்கும் மேலே தான் போட்டுக்கொள்ளும் கருத்துரையை மட்டும் ஒழுங்காக வைத்துக்கொள்ளும். பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு கட்டம் ஒரே மாதிரி வேண்டும் என்று, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுழற்சி ஒன்றை அங்கே எழுதிப் பாருங்கள்: ஒன்று அதைக் காணாமல் அடிக்கும், அல்லது வடிவத்துக்குப் பதில் பிழைச் செய்தியைக் காட்டி முரண்டு பிடிக்கும்.

இதற்கெல்லாம் மாற்றே கிடையாதா என்றால், உண்டு. வெகு காலமாகவே உண்டு. அதுதான் எனக்கு ஆற்றாமை.

1995இல் வந்த டெல்ஃபியையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டன் எங்கே, எவ்வளவு அகலம், என்ன எழுத்து என்பதை நிரலாக எழுதாமல் வடிவக் கோப்பில் வைத்துக்கொள்ளும். ஆல்ட்டும் எஃப் 12உம் சேர்த்து அழுத்தினால் திரை மறைந்து அந்த வடிவமே எழுத்தாகத் தெரியும்: பட்டன், இடப்பக்கம் இத்தனை, மேலிருந்து இத்தனை, அகலம் இத்தனை. அங்கேயே எண்ணை மாற்றிவிட்டு அதே விசையை மறுபடி அழுத்தினால் பட்டன் புது இடத்தில் நிற்கும். இன்னொரு வசதி உண்டு, தெரியாதவர்களுக்குச் சொல்லிக் காட்டினால் வாயைப் பிளப்பார்கள். திரையில் ஒரு பட்டனைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினால் அதன் விவரம் எழுத்தாக விழும். திருத்திவிட்டு, அந்த எழுத்தைக் காப்பி செய்து திரையில் ஒட்டினால் பட்டனாக வரும். மேலே சொன்ன எண் குறியீடுகளை மட்டும் தமிழாக எழுதியிருந்தால் நான் டெல்ஃபிக்குக் கோயில் கட்டியிருப்பேன்.

லினக்ஸ் பக்கம் கிளேட் என்ற கருவி ஆரம்பத்தில் சி மொழியில் நிரலை எழுதிக் கொட்டியது. கோப்பின் தலையில் அதே ‘தொடாதே’. பிறகு அந்த வழக்கத்தையே கைவிட்டு, வடிவத்தை எக்ஸ்எம்எல் என்ற, மனிதரும் படிக்கக்கூடிய எழுத்துக் கோப்பாக வைத்து, மென்பொருள் ஓடும்போது அதை நேரடியாகப் படித்துத் திரையை எழுப்பும் முறைக்குப் போனார்கள். 2007 வாக்கில், கிளேட் வரையும் திரைகளுக்கு அடிப்படையான ஜிடிகே நூலகத்துக்குள்ளேயே அந்த வசதி வந்துவிட்டது. கியூட்டி டிசைனர் என்ற இன்னொரு கருவியிலும் வடிவம் எக்ஸ்எம்எல்தான். நிரல் உண்டாகும், ஆனால் கம்பைல் செய்யும்போதெல்லாம் புதிதாக உண்டாகும், யாரும் அதைச் சேமித்து வைத்துக்கொண்டு திருத்த நினைப்பதில்லை. திருத்த வேண்டியது எந்தக் கோப்பு என்பதில் குழப்பமே இல்லை.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது எக்லிப்ஸ் என்ற நிரல் எழுதும் கருவிக்குள் ஓடும் விண்டோ பில்டர். இதில் தனியாக வடிவக் கோப்பே கிடையாது. ஜாவா நிரலையே படித்து, அதிலிருந்து திரையை வரைந்து காட்டும். நாம் கையால் ஒரு வரி சேர்த்தால் அதையும் படித்துக்கொள்ளும். பூட்டி வைத்த பகுதி இல்லை, தொடாதே என்ற மிரட்டலும் இல்லை. முழுக்கக் கையாலேயே எழுதிய திரைகளைக்கூடப் பெரும்பாலும் திறந்து காட்டிவிடும். சுற்றி வளைத்து எழுதினால் திணறும், அது நியாயம்தான். இதைச் செய்த நிறுவனத்தை 2010இல் கூகுள் வாங்கி, கருவியை எக்லிப்ஸுக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டது. திரை அமைக்க ஆப்பிள் 2019இல் கொண்டுவந்த ஸ்விஃப்ட் யுஐயும் இதே கட்சி: எழுதியிருக்கும் நிரல்தான் அசல், பக்கத்தில் தெரியும் படம் அதன் நிழல், படத்தில் மாற்றினால் நிரலில் மாறும்.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, நிரலே எழுதாதே, வடிவத்தை மனிதர் படிக்கக்கூடிய கோப்பாக வைத்துக்கொள். அல்லது, எழுதுவது என்று வந்துவிட்டால், ஒரு மனிதர் எழுதியது மாதிரி எழுது, மனிதர் அதில் கை வைத்தாலும் திரும்பப் படித்துக்கொள். இரண்டும் கெட்டானாக நிரலையும் எழுதி, அதற்குப் பூட்டையும் போட்டு, சாவியை வேறொரு கோப்பில் வைப்பதுதான் எங்களைப் போன்றவர்களைப் பாடாய்ப் படுத்துகிறது. நெட்பீன்ஸில் ‘கஸ்டமைஸ் கோடு’ என்று ஒரு சாளரம் உண்டு, அங்கே ஓரளவு நம் வரிகளைச் செருகலாம் என்பது எனக்குத் தெரியும். அதுவும் ஃபார்ம் கோப்பில்தான் போய் உட்காரும். ஃபார்ம் கோப்பு தொலைந்தால் அந்த வசதியும் தொலைந்தது.

பெரிய மாற்றம்கூட வேண்டாம். பட்டனை இழுத்துப் போட்ட உடனே ‘இதற்கு என்ன பெயர்’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பாதி நோய் தீரும். அறுநூறு வரியை ஒரே மூச்சில் கொட்டாமல், திரையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி செயற்கூறாக எழுதலாம். ஒரு பட்டனை நாலு புள்ளி நகர்த்தியதற்காக மற்ற வரிகளின் வரிசையைக் கலைக்காமல் இருக்கலாம். இல்லையென்றால் போன மாதக் கோப்பையும் இந்த மாதக் கோப்பையும் ஒப்பிட்டு எது மாறியது என்று பார்க்கவே முடிவதில்லை. வெளியே யாரோ கைவைத்திருப்பது தெரிந்தால், சத்தமில்லாமல் அழிக்காமல், அழிக்கட்டுமா என்று கேட்கலாம். அப்புறம், தமிழைத் தமிழாக எழுத வேண்டும். யூனிகோடு வந்து இத்தனை வருடம் கழித்து இதைக் கேட்க வேண்டியிருப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். இறுதியாண்டு ப்ராஜெக்ட் புத்தகம், கருப்பு அட்டை போட்டுத் தங்க எழுத்தில் அச்சடித்து வருமே, அதன் பின்பகுதியில் ‘சோர்ஸ் கோடு’ என்று பக்கம் பக்கமாக இருப்பதைப் புரட்டிப் பாருங்கள். முக்கால்வாசி நெட்பீன்ஸோ விஷுவல் ஸ்டுடியோவோ எழுதிய வரிகள்தான். மாணவர் எழுதியது நடுவில் எங்கோ பத்துப் பதினைந்து வரி. புத்தகம் தடிமனாக இருக்கட்டும் என்று அதை யாரும் கண்டுகொள்வதில்லை. நெட்பீன்ஸே 1996இல் பிராக் நகரத்து சார்லஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் ப்ராஜெக்ட்டாகப் பிறந்ததுதான். அந்த மாணவர்கள் கருவியைச் செய்தார்கள், நம்மவர்கள் கருவி துப்பியதை அச்சடிக்கிறார்கள். வைவாவில் வெளித்தேர்வர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: வடிவமைப்புப் பார்வையைத் திறக்காமல், இந்தத் திரையில் ஒரு கட்டத்தைக் கூட்டிக் காட்டு. தவித்தாலும் பரவாயில்லை. பட்டனுக்கு ஏன் பெயர் வைக்க வேண்டும் என்பது அந்த ஒரு நாளில் புரிந்துவிடும்.

கடைக்காரர்கள், தறிக்கூடக்காரர்களுக்கும் ஒன்று. மென்பொருளுக்கு முழுப் பணம் கொடுக்கும் முன், ஓடுகிற மென்பொருளோடு அதை எழுதிய முழு ஃபோல்டரையும், எதையும் பொறுக்கி எடுக்காமல், அப்படியே பென் டிரைவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியதை உங்களுக்குத் தெரிந்த வேறொருவர் கணினியில் போட்டு, திரைகள் வடிவமைப்புப் பார்வையில் திறக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. முன்பணக் கட்டம் கேட்டவருக்குக் கடைசியில் அந்தத் திரையை முதலிலிருந்து புதிதாக வரைந்து கொடுத்தேன். கூலியை நியாயமாகத்தான் வாங்கினேன், இருந்தாலும் அவருக்கு அது தண்டச் செலவுதான்.

இப்போது செயற்கை நுண்ணறிவிடம் விவரம் சொன்னால் திரையையே எழுதித் தருகிறது. பெயர்களெல்லாம் நன்றாகவே வைக்கிறது, அந்த மட்டில் சந்தோஷம். ஆனால் ஒரு கட்டத்தை மாற்று என்றால் சில சமயம் கேட்காத இடங்களையும் சேர்த்து மாற்றிவிடுகிறது. பழைய வடிவமைப்பான்கள் பண்ணிய அதே அழிச்சாட்டியம்தான்.

உங்களிடம் நான் கேட்பது இது. தொழில்நுட்பப் பக்கத்தில் இனி இப்படி ஒரு கருவியை அறிமுகம் செய்து எழுதும்போது, எழுதுபவர் ஒரு சோதனையைச் செய்து பார்த்துவிட்டு எழுதட்டும். கருவி உண்டாக்கிய நிரலில் தமிழில் ஒரு கருத்துரையைக் கையால் சேர்க்க வேண்டும். பிறகு வடிவமைப்புப் பார்வைக்குப் போய் ஒரு பட்டனைக் கொஞ்சம் நகர்த்திச் சேமிக்க வேண்டும். அந்தக் கருத்துரை அதே இடத்தில், தமிழாகவே இருக்கிறதா இல்லையா என்று கட்டுரையில் ஒரு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
விசைத்தறிக் கணக்கு மென்பொருள் பராமரிக்கும் வாசகர்,
ராஜபாளையம்.